பொரி அடுப்பை ஒட்டிய வீடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் பேனாவை நிறுத்தி யோசிக்கிறேன். யோசித்துவிட்டும் தப்பாகத்தான் எழுதுகிறேன். மை வேறு சில இடங்களில் ஊறிவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாயால் சொல்ல வந்திருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன்.

ஓசூரில் பத்திரம் பதிகிற ஆபீசில் எனக்குப் பியூன் வேலை. வீடோ நிலமோ விற்கிறவர்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். அதிகாரி படித்துப் பார்த்து, சம்மதத்தோடு எழுதிக் கொடுத்ததுதானே என்று கேட்பார். அவர்கள் ஆமாம் என்றதும் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி, புத்தகத்தில் பதிக்க உதவுவது என் வேலை.

நான் யாரோடும் அதிகம் பேசுகிறவன் இல்லை. எதிரே தெரிந்தவர் வந்தால் கடைத்தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். ஆனாலும் இந்த ஊரில் வீடு விற்ற எத்தனையோ பேருடைய பெருவிரல் என் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்திருக்கிறது. மனசார விற்கிறவர்களின் விரல் பஞ்சு போல வரும். தானே உருளும், தானே பதியும். மனசு வராதவர்களின் விரல் விறகுக் குச்சி போல நிற்கும். வாய் ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கும், விரல் வராது. அப்போது நான் அவசரப்படுத்த மாட்டேன். லேசாகப் பிடித்தபடி காத்திருப்பேன். கொஞ்சத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள், விரல் இளகும். இளகாமல் எழுந்து போனவர்களும் உண்டு. விரலைப் பிடிப்பதுதான் என் வேலை, அழுத்துவது அவர்கள் வேலை என்று வைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்தது, ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். எங்கள் ஊரில் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கேட்கும். ஒரே ஆள் மூன்றிலும் சண்டை போடுவார். இந்த ஊர் சென்னை ராஜ்யத்தில் இருக்குமா, மைசூருக்குப் போகுமா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாதது எல்லாம் வீட்டு விலையில் வந்து நின்றது. மைசூருக்குப் போகும் என்று பேச்சு வந்தால் தமிழ்க்காரர்கள் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். போகாது என்று வந்தால் கன்னடக்காரர்களில் சிலர் வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூர்ப் பக்கம் போகப் பார்ப்பார்கள். அங்கே புதுசு புதுசாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. தளிப் பக்கத்து விவசாயிகள் மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், பிள்ளைகள் படிப்புக்கு என்று டவுனில் வீடு தேடினார்கள்.

எனக்கு அந்த வருஷம் கனவு போலத்தான் நினைவில் இருக்கிறது. காலையில் ஏரியிலிருந்து பனி எழுந்து தெருவுக்குள் வரும். எதிர் வீடு தெரியாது. பனி விலகும்போது அந்த வீடு அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். ஊர் முழுவதும் ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து பக்கத்து ராஜ்யத்துக்குப் போய்விடுமோ என்று நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் இருந்தது வாடகை வீடு. ஒரே அறை, பின்னால் ஒரு தாழ்வாரம். எங்களுக்கு ஒரே மகள். கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அந்த ஆனி மாதம் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். என் மனைவி சந்தோஷத்தில் வீட்டுக்காரர் சம்சாரத்திடம் போய்ச் சர்க்கரை கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்காரரே வந்துவிட்டார்.

"சந்தோசம்தாங்க. ஆனா பிரசவம் இந்த ஊட்டுல ஆகாதுங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் எங்க பூசை ரூம் இருக்குது. தீட்டு ஆகாது. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தலையை ஆட்டினேன். அவர் போனதும் என் மனைவி, "இவங்க ஊட்டுல எல்லாம் கொழந்தைங்கள கெணத்துல இருந்து எறச்சா எடுத்தாங்க?" என்றாள். அப்புறம் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "இந்தாங்க, அவ எங்க வந்து பெப்பா?"

அவ்வளவுதான் கேள்வி. ஐப்பசிக்குள் எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும். அவளுக்கு அம்மா வீட்டுப் பங்காக வந்த மாடுகளை விற்றதும், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்ததும் இருந்தது. சின்ன வீடு என்றால் வாங்கிவிடலாம்.

இங்கே என் மனைவி வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவள் நாட்றாம்பாளையத்துக்காரி. அந்த மலையில், காட்டோரத்தில், புதிதாக மாட்டுப்பட்டி போடுவதற்கு முன்னால் அவள் வீட்டு ஆண்கள் அந்த இடத்தில் ஒரு பகல் படுத்துத் தூங்கிப் பார்ப்பார்களாம். நல்ல தூக்கம் வந்தால் பட்டி போடலாம். கெட்ட கனவு வந்தால் வேறு இடம். மாட்டுக்கே அப்படி என்றால் மனுஷனுக்கு வேண்டாமா என்று அவள் கேட்டாள். ஆகவே நான் வீடு பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம் தூங்க வேண்டும். கனவை அவளிடம் வந்து சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாக இருந்தது. கூரை ஒழுகுமா, வில்லங்கம் உண்டா, கடைசி விலை என்ன என்று எதையும் கேட்க எனக்கு வாய் வராது. படுத்துக்கொள்வதற்கு வாய் வேண்டாம்.

தரகர் ஒருவர் இருந்தார். மாட்டுச் சந்தையில் தொழில் பழகி, அந்த வருஷம் வீட்டுக்கு மாறியவர். வீட்டைச் சுற்றி வரும்போது தூணைத் தட்டி, கதவின் கீலைத் தூக்கி, மாட்டுக்குப் பல் பார்ப்பது போலவே பார்ப்பார். "இன்னிக்கிச் சொல்ற வெல இன்னிக்கித்தான் அண்ணா. பெங்களூர் பஸ் வந்து நின்னா மாறிடும்" என்பார். அது பொய்யில்லை. பஸ்ஸில் வருகிறவன் என்ன பேச்சைக் கொண்டு வருகிறானோ அதற்குத் தக்கபடி டீக்கடையிலேயே விலை ஏறும், இறங்கும். ஒருநாள் ஸ்டாம்பு வாங்கி எழுதி முடித்த பத்திரத்தோடு எங்கள் ஆபீஸ் வாசல் வரை வந்தவர், மத்தியான பஸ்ஸில் ஏதோ கேள்விப்பட்டு, பத்திரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

முதல் வீடு பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம். வீட்டுக்காரர் பாய் கொடுத்தார். கண்ணை மூடினேன். நான் ஒரு பஸ்ஸில் போகிறேன், ஓட்டுகிறவர் இல்லை, ஆனாலும் எல்லாரும் சமாதானமாகக் கடலை தின்றுகொண்டிருக்கிறார்கள். என் மனைவி கேட்டுவிட்டு, "வேணாம்" என்றாள்.

இரண்டாவது வீடு ஏரிப் பக்கம். நல்ல கல் தூண்கள். அங்கே தூங்கியபோது நான் படுத்த பாய் மெல்ல மிதந்து வாசலைத் தாண்டிப் போனது. பயமே இல்லை. தண்ணீருக்கு அடியில் அகல் விளக்குகள் எரிந்தன. எழுந்திருக்கவே மனசில்லை. என் மனைவி அதைக் கேட்டு இரண்டு நாள் யோசித்தாள். "தண்ணி நல்லதுதான். ஊட்ட உட்டு வெளிய போனது நல்லதில்ல." அந்த இரண்டு நாளில் தளிக்காரர் ஒருவர் அதை வாங்கிவிட்டார். ஆபீசில் நான்தான் விற்றவரின் விரலைப் பிடித்தேன். பஞ்சு போல வந்தது.

தரகருக்குக் கோபம். "ஊடு பாக்க வந்தியா, தூங்க வந்தியாண்ணா? இன்னும் ரெண்டு ஊடு காட்டுனா ஊர்ல உனக்குத் தூக்கமே மிச்சம் இருக்காது. ஆவணி வந்தா எல்லாரும் வாங்க வருவாங்க. அப்பறம் தலகாணிய எடுத்துக்கினு எங்கிட்ட வராத."

ஆடி மாதம் யாரும் பத்திரம் போட மாட்டார்கள். ஆபீசில் ஈ ஓட்டுவோம். அந்த மாதத்தில்தான் மூன்றாவது வீட்டைக் காட்டினார்.

விற்கிறவர் ஒரு கன்னடக்கார அம்மா. என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டுக்குப் பின்னால் அடுப்புப் போட்டுப் பொரி வறுத்து, கடைகளுக்கும் சந்தைக்கும் கொடுத்துப் பிழைத்து வந்தார். முன்னால் ஒரு கூடம், அடுத்து ஒரு நடு அறை, பின்னால் சின்னதாக ஒரு அறை, அதற்குப் பக்கத்தில் நடு அறைச் சுவரை ஒட்டிக் கொட்டகை. நாட்டு ஓடு. சுவர் எல்லாம் புகையில் பழுப்பாக இருந்தது. தரகர் தூணைத் தட்டினார். எனக்கு நடு அறையில் பாய் போட்டார்கள்.

"ஏன் ஸ்வாமி, நிஜமாவே தூங்குவீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

தரகர் எனக்குப் பதிலாகச் சொன்னார். "இவுரு தூங்குனாத்தாம்மா யாவாரம். நீங்க தாலாட்டு ஏதாச்சும் பாடுங்க."

"தாலாட்டுப் பாட எனக்கு நேரம் எங்கே? அடுப்பு காத்துட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

வெளியே ஆடிக் காற்றும் தூறலும். ஓசூர்க் குளிர் எலும்பில் இறங்குகிற குளிர். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். முதுகு தற்செயலாகச் சுவரில் பட்டது. சுவர் சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு இல்லை. கன்றுக்குட்டியின் வயிற்றில் சாய்ந்தால் இருக்குமே, அந்தச் சூடு. பொரி அடுப்பு அந்தச் சுவரின் மறுபக்கத்தை ஒட்டிக் கட்டியிருந்தது. விடியலிலிருந்து உச்சி வரை எரிகிற நெருப்பு மண்சுவருக்குள் ஊறி, மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கனவில் மழை பெய்தது. சூடான மழை. ஒரு வயல் நடுவில் நான் நிற்கிறேன், மழை மேலே விழுகிறது, நனையவில்லை. சடசடவென்று வெள்ளை வெள்ளையாக விழுந்து என் காலைச் சுற்றிக் குவிகிறது. என் அம்மா, என் மகள், எனக்குத் தெரியாத ஒரு குழந்தை எல்லாரும் அந்தக் குவியலில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. யாரும் பேச வேண்டிய தேவை இல்லாத இடம் அது.

கண் திறந்தபோது தலைமாட்டில் ஒரு இலையில் பொரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மணலில் அரிசி பொரிகிற சத்தம்.

"கனவு வந்துதா?" என்று அந்த அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"மழை பேஞ்சுது" என்றேன்.

"நல்லா இருந்துதா?"

தலையை ஆட்டினேன். அவர் சுவரில் கையை வைத்தார். "இந்த ரூம்ல நானும் நல்லாத்தான் தூங்கினேன், இருபது வருஷம். எங்கண்ணா பெங்களூர்ல இருக்கார். கோடு போட்டுட்டா நீ அந்தப் பக்கம் ஒண்டியா மாட்டிக்குவே, வித்துட்டு வந்துடுங்கிறார். நான் எங்க போனாலும் பொரிதானே வறுக்கப் போறேன். போகட்டும்." சிரித்தபடிதான் சொன்னார்.

என் மனைவியை மறுநாள் அழைத்துப் போனேன். அவள் கனவைப் பற்றிக்கூட அதிகம் கேட்கவில்லை. சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடினாள். "பெத்த ஒடம்புக்கு இதவிட என்னா வேணும்" என்றாள். அன்றைக்கே பேசி முடித்தோம். பெங்களூர் பஸ் வருவதற்குள் என்று தரகர் அவசரப்பட்டார்.

ஆவணியில் பதிவு. வாங்குகிறவனும் நானே, விரல் பிடிக்கிறவனும் நானே. ஆபீசில் எனக்கு மாற்று ஆள் கிடையாது. யாருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த அம்மா அண்ணனோடு வந்திருந்தார். சம்மதம்தானே என்று அதிகாரி கேட்டார். "ஆமா ஸ்வாமி" என்றார். நான் அவருடைய இடது கையை எடுத்தேன்.

பெருவிரல் குச்சி போல இருந்தது.

உள்ளங்கையெல்லாம் பொரிச் சட்டியில் காய்ந்த கை. மை தடவினேன். விரலைப் புத்தகத்தின் மேல் கொண்டு போனேன். அது காகிதத்துக்கு ஒரு நெல் உயரத்தில் நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் எதுவும் இல்லை. தன் விரல் வரவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது. எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

காத்திருந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் காத்திருந்தால் இளகுமா, எழுந்து போய்விடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் என் கண் முன்னால் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாள். நான் அழுத்தினேன். அதிகாரி வேறு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கண் இமைக்கும் நேரம். ரேகை சுத்தமாகப் பதிந்திருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் யாருக்கும் பதித்ததில்லை.

அந்த வாரமே அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். மாட்டு வண்டியில் ஒரு பெட்டி, இரண்டு மூட்டை, அந்தப் பெரிய இரும்புச் சட்டி. நாங்கள் பால் காய்ச்சிக் குடி வந்தோம்.

முதல் ராத்திரி ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் என் மனைவி சுவரில் கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஏங்க, செவுரு சில்லுனு இருக்குது."

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். வேறு எந்த வீட்டுச் சுவரும் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சிரிக்காதீர்கள். நாலு எல்லையும் சரிபார்த்துப் பத்திரம் போட்ட ஆபீசில் வேலை செய்கிறவன், நெருப்பு அந்தம்மாவோடு போய்விடும் என்பதை யோசிக்கவே இல்லை. தூங்கிப் பார்த்து வாங்குகிற ஆள் செய்கிற தப்பு அது. தூக்கத்தில் சூடு எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்பார்களா?

என் மனைவி விடவில்லை. கொட்டகை அடுப்பில் விறகை அடுக்கிக் கொளுத்தினாள். புகை வீட்டுக்குள் வந்தது, சுவர் அசையவில்லை. தினமும் விடியலிலிருந்து உச்சி வரை எரிந்தால்தான் அந்த மண்ணுக்குள் சூடு இறங்கும். சும்மா எரிப்பதற்கு அவ்வளவு விறகுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னாக்கா, யாகமா?" என்று கேட்டாள். அதோடு என் மனைவி நிறுத்திவிட்டாள்.

ஐப்பசியில் ராஜ்யம் பிரிந்தது. ஓசூர் இருந்த இடத்திலேயே இருந்தது. காலையில் பனி வந்தது, போனது. பெங்களூர் பஸ் வழக்கமான நேரத்துக்கு வந்தது. பயந்தவர்கள் எதற்குப் பயந்தோம் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். வீட்டு விலை ஏற ஆரம்பித்தது. "உனக்கு அதிர்ஷ்டம்ணா. இப்ப குடுத்தா ஒண்ணரப் பங்கு வாங்கித் தரேன்" என்று தரகர் வழியில் பிடித்துச் சொன்னார்.

மகளை வளையலோடு அழைத்து வந்தோம். கார்த்திகை பிறந்ததும் குளிர் கடுமையானது. அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமும்போது வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொள்வாள். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "ஒடம்பு சில்லிட உடாதீங்க. இப்பிடியே இருந்தா பெறும்போது தெம்பு இருக்காது. ரூம சூடா வெச்சுக்கோங்க" என்றாள். கரிச்சட்டி வைத்தோம். புகையில் இன்னும் இருமினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பெங்களூர் பஸ்ஸில் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பத்திரத்தில் அண்ணன் சாட்சி போட்டு எழுதியிருந்த விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். மூன்று பேரிடம் சீட்டை நீட்டி, பேசாமலேயே வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அண்ணன் முன்னறையில் உட்கார வைத்தார். "என்ன, பத்திரத்துல ஏதாவது குறையா?"

"இல்லீங்க."

"வீட்டுல ஏதாவது?"

"இல்லீங்க."

காப்பி வந்தது. குடித்தேன். அந்த அம்மா உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார். மெலிந்திருந்தார். அந்த வீட்டில் அடுப்புக் கரி வாசனையே இல்லை. நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"சுவர் ஆறிப்போச்சுங்க" என்றேன்.

அண்ணனுக்குப் புரியவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"மண்ணும் ஓடும்தானே ஸ்வாமி எழுதிக் கொடுத்தேன். நெருப்பையும் சேர்த்து வாங்கிட்டதா நினைச்சீங்களா?"

மகளைப் பற்றிச் சொன்னேன். இருமலைச் சொன்னேன். நான் அவ்வளவு பேசி என் மனைவிகூடக் கேட்டதில்லை. அந்த அம்மா கேட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பினார். "அண்ணா, பரண்ல இருந்து சட்டியை இறக்கு."

"எதுக்கு? இங்க புகை ஆகாதுன்னு சொன்னேனில்ல?"

"இங்க இல்ல. பிரசவம் முடியற வரைக்கும் போயிட்டு வரேன். இங்க நான் என்ன செய்றேன்? உன் பெண்டாட்டி சமையலுக்குக் குறை சொல்லிட்டு உக்காந்திருக்கேன். அவளுக்கும் நிம்மதி."

உள்ளேயிருந்து எந்த மறுப்பும் வரவில்லை.

பஸ்ஸில் அந்தச் சட்டி எங்கள் இரண்டு பேர் மடியிலும் கிடந்தது. நடத்துனர் வந்து பார்த்தார். "இது என்ன, யானைக்குச் சோறு வடிக்கவா? இதுக்கு டிக்கெட் யார் எடுக்கிறது?"

"அதுக்கு அஞ்சு வயசு ஆகலப்பா, அரை டிக்கெட் போடு" என்றார் அந்த அம்மா. பஸ்ஸே சிரித்தது.

அத்திப்பள்ளி தாண்டியதும் அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து குனிந்து பார்த்தார். "கோடு எங்க ஸ்வாமி? போட்டுட்டாங்கன்னு சொன்னாங்களே."

நானும் பார்த்தேன். புளியமரங்கள். ராகிக் கதிர் சாய்ந்த வயல். அதற்கு மேல் சாயங்காலப் பனி, இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாகவே படர்ந்துகொண்டிருந்தது. எதைக் காட்டுவது? அந்த வெள்ளைக்குள் பஸ் போகும்போது நாங்கள் எந்த ராஜ்யத்திலும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் விடியலில் அடுப்பு எரிந்தது. அன்று சுவர் மாறவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மகள் கூப்பிட்டாள். "நைனா, இங்க கைய வெச்சுப் பாரு." வைத்தேன். கன்றுக்குட்டி திரும்பி வந்திருந்தது. அந்த வாரம் அவள் இருமல் குறைந்தது. முதுகைச் சுவரில் கொடுத்துப் பகலெல்லாம் தூங்குவாள்.

தை மாதம் ஒரு காலையில் வலி கண்டது. மருத்துவச்சி உள்ளே போனாள். நான் கொட்டகையில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சட்டியில் அரிசியைப் போட்டார், எடுத்தார், போட்டார். நிறுத்தவே இல்லை. "அவளுக்குச் சத்தம் கேட்டுட்டே இருக்கட்டும்" என்றார். பொரிகிற சத்தத்துக்கு நடுவில் வேறு ஒரு சத்தம் சுவர் வழியாக வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெண் குழந்தை. அன்றைய பொரியை யாருக்கும் விற்கவில்லை.

பிரசவம் முடிகிற வரைக்கும் என்று வந்தவர் இன்னும் போகவில்லை. பின் அறையில் இருக்கிறார். போகிறேன் என்று அவர் சொல்வதும் இல்லை, இருங்கள் என்று நாங்கள் சொல்வதும் இல்லை. இன்று அந்த வீட்டுக்கு நான் கொடுத்ததைப் போல இரண்டு பங்கு கிடைக்கும் என்கிறார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் அவரிடம், "வித்துட்டுப் போய், வெல ஏறுனப்பறம் திரும்பி வந்திருக்கியே, பைத்தியமா?" என்று கேலி செய்வார்கள். அவர் தலையை நிமிர்த்திப் பதில் சொல்வார். "நானேதான் வித்தேன், நானேதான் வந்தேன். உங்களுக்கென்ன?"

அந்த முதல் பாதியைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அது உண்மையில்லை என்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அவருக்கே தெரியாது. ஒரு நிமிஷம் நான் காத்திருந்தால் அவர் விற்றிருப்பாரோ, எழுந்து போயிருப்பாரோ, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. அந்த நிமிஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். என் மகளுக்காக என்று சொல்லலாம். என் மகளும் பேத்தியும் நன்றாக இருக்கிறார்கள். அதனால் எடுத்தது எடுத்ததில்லை என்று ஆகாது.

அவருக்குத் தமிழ் படிக்க வராது. என் மனைவிக்கு எழுத்தே தெரியாது. மகள் தேர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறாள், மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். இதை அவளிடம் கொடுத்து, அடுப்பு அணைந்த பிறகு சாயங்காலம் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லப் போகிறேன். அந்த நேரம் நான் ஏரிக்கரையில் இருப்பேன். இருட்டுவதற்குள் திரும்பி வருவேன். வீடு தன் பெயரில் வேண்டும் என்று அவர் சொன்னால் நாளைக்கே எழுதித் தருகிறேன். பெங்களூருக்குப் போகிறேன் என்றால் சட்டியை நானே பஸ்ஸில் ஏற்றி வைக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் எனக்குச் சோறு போட்டாலும் சாப்பிடுகிறேன்.

விளம்பி வருஷம், மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. இங்கிலீஷ் தேதி 8-3-1959.